தவிட்டுக்கு விற்ற பிள்ளை

"நீங்கள் பிளேன்ல போனாப்பிறகு மாமி எனக்குச் சைக்கிள் வாங்கித் தருவா" என்று மிது சொன்னபோது கௌதமியின் கையில் சீப்பு இருந்தது. இப்போது வெறுங்காலோடு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சீப்பு இன்னும் கையில் இருப்பதுபோல விரல்கள் மடங்கியே கிடந்தன, விரிக்க வேண்டும் என்ற நினைப்பு வரவில்லை. நீங்கள் போனாப்பிறகு. நாங்கள் போனாப்பிறகு என்றல்லவா பிள்ளை சொல்லியிருக்க வேண்டும், நாலு வயதுப் பிள்ளைக்கு நீங்களும் நாங்களும் மாறிப்போகும்தான், பூனையை நாய் என்றும் நேற்றை நாளை என்றும் சொல்லுகிற பிள்ளைதானே, ஆனால் சைக்கிள்? நாளையிண்டைக்குப் பிளேன் ஏறப்போகிற பிள்ளைக்கு இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் எதற்குச் சைக்கிள்? ஒரு பக்கம் பின்னி முடித்து மற்றப் பக்கத்தை மூன்றாய்ப் பிரித்துப் பிடித்திருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள், "அம்மா, பின்னுங்கோவன்" என்று பிள்ளை தலையை ஆட்டினது, அதற்குள் மிதுவின் மாமி, தவமலர் மச்சாள், அறைவாசலில் வந்து நின்று "என்னடி ஒரு பின்னலுக்கு இவ்வளவு நேரமே, வெயில் ஏறினால் மலை ஏறேலாது, இஞ்ச விடு" என்று பிள்ளையை முழங்காலுக்கிடையில் இழுத்துப் பிடித்து மற்றப் பக்கத்தைத் தானே பின்னி முடித்தாள். அதோ முன்னால் போகிறது பிள்ளை, மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, கௌதமி பின்னின பக்கம் தளர்ந்தும் மச்சாள் பின்னின பக்கம் கயிறுபோல இறுகியும், இரண்டு வீட்டுப் பிள்ளையின் தலைபோல.

மச்சாளுக்குப் பின்னால் கிருபா போகிறான், கௌதமியின் புருசன், மச்சாளின் ஒரே தம்பி. சேர்ட்டுக் கையை மடித்துவிட்டு, போனைத் தூக்கித் தூக்கிக் கீழே தெரிகிற கடலையும் துறைமுகத்தில் நிற்கிற வெள்ளைக் கப்பலையும் படம் பிடித்துக்கொண்டு போகிறான். படம் பிடிக்கிற கைக்கு நடுக்கமில்லை. அப்படியென்றால் ஒன்றுமில்லை, பிள்ளை ஏதோ உளறினது, அவ்வளவுதான். தண்ணிப் போத்தலும் பிஸ்கட்டும் மச்சாளின் சப்பாத்தும் இருக்கிற பை கௌதமியின் தோளில். ஒரு மாதம் என்று சொல்லித்தான் வந்தது. மச்சாள் இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல், "ஒருக்கா வந்து பாருங்கோ, கோடை விடுமுறைக்கு நில்லுங்கோ" என்று அவள்தான் டிக்கட் அனுப்பினாள். ஒரு மாதம் முடியக் கிருபா சொன்னான், இன்னும் கொஞ்சம் நிற்பம், வந்தனாங்கள் வந்ததுதானே. பிறகு இன்னும் கொஞ்சம். கடையை வேலைக்கு நிற்கிற பொடியன் பார்ப்பான் என்றான். ஊரில், சுழிபுரத்தில், ஒரு நல்லது கெட்டதுக்குப் போனாலும் கடையை நினைத்து இரண்டாம் பந்திக்கு நில்லாமல் ஓடி வருகிற மனிசன், மூன்று மாதம் கடையை மறந்தாரே, அதை ஏன் நான் யோசிக்கவில்லை? யோசிக்கவில்லையா, யோசித்து வாயைத் திறக்கவில்லையா? முதல் கிழமையே மிதுவின் கட்டிலை மச்சாளின் அறைக்கு மாற்றினார்கள், அங்கே விசிறி இருக்குதாம். மச்சாள்தான் குளிக்க வார்த்தாள், மச்சாள்தான் சோறு தீத்தினாள், "நீ விடுமுறைக்கு வந்தனி, ஆறியிரு" என்றாள், கௌதமியும் ஆறியிருந்தாள், வாழ்க்கையில் முதல் தரமாய் ஒருத்தி தன்னை ஆறியிரு என்று சொன்ன சந்தோசத்தில் பல்கனியில் இருந்து கீழே போகிற குதிரை வண்டிகளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோட்டு. சந்தைக்குப் போன இடத்தில், வேர்த்து ஒழுகுகிற வெயிலில், மச்சாள் பிள்ளைக்கு ஒரு சிவப்புக் குளிர்கோட்டு வாங்கினாள், கை நீளம், முழங்காலுக்குக் கீழே தொங்கினது. "பெரிசாக்கிடக்கு மச்சாள்" என்று கௌதமி சொன்னதற்கு "வளருற பிள்ளை, மார்கழிக்குச் சரியா வரும்" என்றாள். மார்கழிக்கு. சுழிபுரத்தில் மார்கழிக்கு யார் கோட்டுப் போடுகிறார்கள். கௌதமி சிரித்தாள். அப்போதும் சிரித்தாள்.

கல்லுப் பாவின பாதை, காலுக்குக் கீழே இன்னும் சூடேறவில்லை, ஆனால் கூர். இந்த ஊரில் நம் சனங்கள் சைவக்காரர் வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் இந்த மலைக்கு வெறுங்காலோடு ஏறுவார்கள், மேலே குகைக்குள் ரொசாலியா என்ற புனிதை படுத்திருக்கிறாள், கேட்டது கொடுப்பாள் என்று மச்சாள் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், போகிறதுக்கு முன்னம் கட்டாயம் ஒருநாள் கூட்டிக்கொண்டு போவன் என்றாள். கௌதமி அதையும் ஊர் பார்க்கிற கணக்கில்தான் சேர்த்திருந்தாள். எல்லாம் பார்த்தாயிற்று. சிவப்புக் குமிழ்க் கூரை வைத்த கோயில், சுவர் முழுக்கப் பொன் பதித்த கோயில், பொம்மையாட்டம், பிறகு அந்த நிலவறை. அதை நினைக்கக்கூடாது. செத்தவர்களைக் காயவைத்துச் சுவரில் வரிசையாய் நிறுத்தியிருந்தார்கள், சட்டை போட்டு, தொப்பி போட்டு, கௌதமி கண்ணை மூடிக்கொண்டு கிருபாவின் சேர்ட்டைப் பிடித்தபடி நடந்தாள், கடைசியில் மச்சாள் "இதைப் பாரடி, பயப்படாத" என்று காட்டினது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சின்னப் பெண்பிள்ளை, தலையில் பெரிய நாடாப் பூ, கன்னம் உப்பி, இப்போதுதான் பால் குடித்து நித்திரையானதுபோல. "தகப்பன் விட மனமில்லாமல் இப்பிடி வைச்சிருக்கிறார்" என்றாள் மச்சாள். அவள் கண்ணில் நீர் நின்றது. கௌதமிக்கு நீர் வரவில்லை, அவளுக்குத் தன் முதல் இரண்டு பிள்ளைகளும் நினைவு வந்தன, ஒன்று பிறந்த அன்றே போனது, மற்றது முப்பத்தொன்றாம் நாளுக்கு முன்னால், ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை, நாடாவும் கட்டவில்லை, துணியில் சுற்றிக் கிருபாவும் அவன் தாயும் எங்கே கொண்டுபோனார்கள் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவை அவளுடைய பிள்ளைகள்தானே. அந்தப் பெட்டிக்கு முன்னால் மச்சாள் மிதுவைத் தூக்கி வைத்திருந்தாள், எவ்வளவு இறுக்கி வைத்திருந்தாள்.

தவிடு. இப்போதுதான் அந்தச் சொல் வந்து நெஞ்சில் இடித்தது, ஒரு வளைவில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிது பிறந்தபோது மச்சாள் ஊரில் விடுமுறையில் நின்றாள். இரண்டு போய் மூன்றாவதாய்ப் பிறந்தது, இது நிற்க வேண்டுமென்றால் விற்க வேண்டும் என்றார் மாமியார். உன்னுடையது என்று தெரிந்தால்தானே எமன் வருவான், அடுத்தவளுக்கு விற்றுப்போட்டால் தேடி வந்தவன் வாசல் மாறிப்போவான். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், பக்கத்து வளவுச் சண்முகத்தையும் அப்படித்தான் ஒரு சுண்டு தவிட்டுக்கு விற்றுப் பிறகு வாங்கினார்கள், அவன் இன்று தாடியும் மீசையுமாய் லொறி ஓட்டுகிறான். சுளகில் பிள்ளையைக் கிடத்தினார்கள். கௌதமி காய்ச்சலோடு பாயில் கிடந்தாள், சுளகு தன்னைத் தாண்டிப் போவதைத்தான் பார்த்தாள். வெளியே மாமியாரின் குரல் கேட்டது, "என்ன விலை தந்து வாங்கிறாய்?" மச்சாளின் குரல் கேட்டது, "ஒரு கொத்துத் தவிடு, கொண்டா." எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து பின்கதவால் உள்ளே வந்து பாயில் கிடத்திப்போட்டு, "என்ர பிள்ளையைக் கவனமா வளர்த்துத் தா, என்ன?" என்று கௌதமியின் கன்னத்தைத் தட்டினாள். நல்லாய்த்தான் தட்டினாள், அன்பாய்த்தான். மூன்று வயது முடியத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கியிருக்க வேண்டும். அந்த நேரம் மச்சாள் இங்கே, மாமியாரும் கண்ணை மூடிவிட்டார், யார் நினைத்தார்கள்? வாங்கினவள் கடல் கடந்து இருக்கிறாள், தவிட்டைத் தபாலிலா அனுப்புவது என்று கிருபா பகிடி விட்டான். இங்கே வந்திறங்கின அன்று விமான நிலையத்தில் வைத்து மச்சாள் மிதுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கத்தானே சொன்னாள், "இது என்ர காசில்லாச் சொத்து, தவிட்டுக்கு வாங்கினது." கிருபா சிரித்தான். கௌதமியும் சிரித்தாள். எத்தனை தரம் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு சிரிப்பையும் அவர்கள் ஓம் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு ஓட்டமாய் நாலடி வைத்துக் கிருபாவின் முழங்கையைத் தொட்டாள். "மிது என்னவோ சொல்லுறாள். நாங்கள் போனாப்பிறகு சைக்கிள் எண்டு." கிருபா போனை இறக்கினான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவன் பேசுகிறவரை அது உண்மையில்லை என்று அவள் நின்றாள். "சின்னனுக்கு வாய் நிக்காது" என்றான். பிறகு, "பிறகு கதைப்பம். மலையில வைச்சு என்னத்தை." "இல்லை, இப்ப சொல்லுங்கோ." அவள் இப்ப என்று சொன்னதே அவனுக்குப் புதிதாய் இருந்திருக்க வேண்டும், முன்னால் போகிற தமக்கையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்காவோட விடுவம் எண்டு நினைச்சனான். இஞ்ச படிச்சா ஒரு ஆளா வருவாள். பேப்பர் அலுவல் எல்லாம் அக்கா ஒரு ஆளைப் பிடிச்சுப் பாக்கிறா. எங்களுக்கு இன்னும் வயசு கிடக்குது, வேற பிறக்கும். அத்தானும் இல்லாத அக்காக்கு ஆர் இருக்கினம்?" "எனக்கு ஏன் சொல்லேல்லை?" "நீ அழுவாய் எண்டுதான். கடைசி நாள் சொல்லுவம் எண்டு அக்கா சொன்னவா." பிறகு அவன் கோபமில்லாமல், உண்மையாகவே விளங்காத ஒருத்தனைப்போலக் கேட்டான், "நீ எப்பவாவது ஒரு விசயத்துக்கு வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறியே கௌதமி? அதுதான் நான் நினைச்சன் உனக்கும் சம்மதமாத்தான் இருக்கும் எண்டு." முன்னாலிருந்து மச்சாள் கூப்பிட்டாள், "என்ன ரெண்டு பேரும் தேன்நிலவே கொண்டாடுறியள், கெதியா வாங்கோ!" மிதுவும் அதேபோல இடுப்பில் கையை வைத்து, "கெதியா வாங்கோ!" என்றது, பிறகு இத்தாலி மொழியில் ஏதோ ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னது, மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது என்ன சொல் என்று கௌதமிக்குத் தெரியாது.

நடந்தாள். கால் தானாய் நடந்தது. தலைக்குள் ஒரு பெரிய வெள்ளை, குசினியில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுபோல, பொங்கினது தெரிகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. காஸை நிற்பாட்டினேனா? நிற்பாட்டினேன். மச்சாளின் வீட்டுக் காஸ் எனக்கு எதற்கு. வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லையா? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிற்பாட்டினபோது சொல்லவில்லை. கலியாணம் பேசினபோது சொல்லவில்லை, அது வேண்டித்தான் இருந்தது. கறிக்கு உப்புக் கூடினாலும் சொல்லவில்லை. பிள்ளை இங்கே படிக்கும். இந்த எழுத்தெல்லாம் வாசிக்கும், இந்த மலையில் எழுதியிருக்கிறதெல்லாம், பஸ்ஸில் எழுதியிருக்கிறதெல்லாம் தாய்க்கு ஓவியம்போலத் தெரிகிறது, பிள்ளை படபடவென்று வாசிக்கும். அது நல்லதுதானே? நல்லதென்றால் ஏன் எனக்கு ஒளித்துச் செய்தார்கள்? மச்சாளும் பாவம். மூன்று தரம் வயிற்றில் நிற்காமல் போய்க் கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்தது. யாரோ கிழவிகளைக் குளிப்பாட்டி, யாரோ வீட்டுப் படிகளைக் கழுவி, அவளுடைய உள்ளங்கையைக் கௌதமி பார்த்திருக்கிறாள், தோல் உரிந்து உரிந்து ரேகையே இல்லை. அந்தக் கையால்தான் டிக்கட் வாங்கினாள், அந்தக் கையால்தான் ஊரில் கடைக்குக் கூரை போட்டது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தால் என்ன, கூப்பிட்டால் மிது போனில் தெரிவாள், வருசம் ஒருதரம் வருவாள். வந்து, அம்மா என்பாளா, மாமி என்பாளா? மார்கழியில் கோட்டுப் போட்டுக்கொண்டு போனில் நிற்பாள். அடுத்த மார்கழியில் அந்தக் கோட்டு முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும். அதை நான் போன் கண்ணாடியில்தான் பார்ப்பேன். கண்ணாடிக்குள். நாடாப் பூ. ஐயோ. கௌதமி வாயைப் பொத்தினாள். தமக்கையும் தம்பியும் இவ்வளவு நாளும் இரவில் குசினியில் குசுகுசுத்தது காசு விசயம் என்று நினைத்து அவள் மரியாதைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தாள். கதவை அவளே சாத்தினாள்.

மேலே போனதும் மரநிழலில் இருந்து ஏழெட்டுப் பெண்கள் எழும்பி வந்தார்கள், எல்லோரும் நம் சனங்கள், கஞ்சி போட்ட சீலை, தலையில் பூ. இன்றைக்கு ஏதும் விசேசமா என்று கௌதமி நினைத்தாள், அந்த அளவுக்குத்தான் அவள் மூளை வேலை செய்தது. ஒரு பருத்த பெண், மச்சாளோடு வேலைக்குப் போகிற பத்மாசனி அக்கா, நேரே வந்து கௌதமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, உனக்குப் பெரிய மனசு. பெத்த பிள்ளையைக் குடுக்கிறது எண்டா லேசுப்பட்ட விசயமே? தவம் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அழுதவள். நீ ஒண்டுக்கும் யோசியாத, நாங்கள் இவ்வளவு பேரும் இருக்கிறம்." பின்னால் ஒருத்தி, "பிள்ளை தாய்ச்சாடைதான் என்ன?" என்றாள், இன்னொருத்தி "இனித் தவத்தின்ர சாடையும் ஒட்டும், வளர்க்க வளர்க்க ஒட்டும்" என்று சிரித்தாள். ஒரு பெட்டி நிறையப் பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். மலைக்கும் தெரிந்திருக்கும். முகமறியாத சனத்துக்கெல்லாம் தெரிந்த பிறகு பெற்றவளுக்குத் தலைமயிர் பின்னும்போது தெரியவந்திருக்கிறது. கௌதமி பத்மாசனி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு தானாய் வந்தது, பழக்கத்தில் வந்தது, அது தன் முகத்தில் விரிகிறதை உள்ளேயிருந்து பார்த்தவளுக்குத் தன் முகமே அருவருத்தது.

குகைக்குள் குளிர். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும், மேலே பாறையிலிருந்து வடிகிற நீரைத் தகரத்தை வளைத்து வளைத்துப் பீலிபோல வைத்து ஏந்தியிருந்தார்கள். பிறகு விளக்குகள் தெரிந்தன, கண்ணாடிக்குள் பொன் உடுப்போடு சாய்ந்து படுத்திருக்கிற சின்னப் பெண் தெரிந்தாள். மச்சாள் ஒரு மெழுகுதிரியை எடுத்து மிதுவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள், பிள்ளையின் உயரம், அளந்து செய்வித்தது. மிது அதைவிட உயரமாய் நிற்க நுனிக்காலில் எம்பினது, எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் முழங்காலில் இருந்தாள். எழும்பித் திரும்பி, கண்ணைத் துடைத்து, கௌதமியிடம் வந்தாள், மெதுவாய், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னாள், "கோவியாதயடி. நாளைக்கு வடிவா இருந்து எல்லாம் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம். ஒரு நேர்த்தி மட்டும் கிடக்கு. பெத்தவள் கையால தூக்கித் தந்து நான் வாங்கோணும், அப்பிடித்தான் நான் இந்த ரொசாலியாவிட்டக் கேட்டனான். பறிச்செடுத்தது எண்டு இருக்கக்கூடாது. தூக்கித் தா, நான் வாங்கிறன், அவ்வளவுதான்." பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

கௌதமி குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். தூக்கச் சொன்னால் தூக்குகிற பழக்கம். மிது பாரமாய் இருந்தது, மூன்று மாதம் மச்சாள் தீத்தினதில் நிறை போட்டிருந்தது, அதை இன்றுதான் அவள் கை அறிந்தது, கழுத்தில் வேர்வையும் மச்சாளின் வீட்டுச் சவர்க்காரமும் மணத்தன. நீட்டின கை முன்னால் நிற்கிறது. ரேகையில்லாத உள்ளங்கை. ஒரு சாண் தூரம். சுற்றிவரச் சீலைகள், கிருபா போனை உயர்த்துகிறான், படம் பிடிக்கப் போகிறான், இதையும் படம் பிடிக்கப் போகிறான். இதுவரைக்கும் எல்லாம் அவள் பேசாமல் இருந்ததிலேயே நடந்து முடிந்தது, ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, இது ஒன்றுக்குத்தான் அவள் கை அசைய வேண்டும். ஒரு சாண். மச்சாள் பாவம். பிள்ளை படிக்கும். எல்லோரும் பார்க்கிறார்கள். அழக்கூடாது. ஒரு சாண்தான். கை அசையவில்லை. அசை என்று சொன்னாள், அசையவில்லை.

"தரமாட்டன்."

யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்க்கப் போனாள். பாறை அந்தச் சத்தத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வேறொரு பெண்ணின் குரலாய்த் திருப்பித் தந்தது. மணிமாலையோடு முழங்காலில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னடி?" என்றாள் மச்சாள், நிச்சயமாய்க் கேட்காதவள்போல. கிருபா, "கௌதமி, ஆக்கள் பாக்கினம்" என்றான். "பாக்கட்டும்" என்றாள் கௌதமி. அவளுக்கு இதற்கு மேல் ஒரு சொல் கேட்டால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது, பிறகும் அந்தக் குரல் வந்தது, "என்னை விசரி எண்டு சொல்லுங்கோ மச்சாள், நன்றி கெட்டவள் எண்டு சொல்லுங்கோ. நான் தரமாட்டன்." மச்சாளின் கைகள் இறங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டினபடியே நின்றன, அந்த முகத்தைப் பார்க்கக் கௌதமிக்கு ஏலவில்லை, பார்த்தால் கொடுத்துவிடுவாள், அதனால் பிள்ளையின் தலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளிச்சம் வருகிற பக்கம் நடந்தாள். பத்மாசனி அக்கா வழியில் நின்றாள், பிறகு விலகினாள்.

"அம்மா" என்றது மிது, மூச்சு முட்ட. "இறுக்கிப் பிடிக்காதேங்கோ. நோகுது."

"நோகட்டும்" என்றாள் கௌதமி.